நாளைக்குப் பறிக்கலாம் என்ற கணக்கு

வெள்ளரிக் கொடியில் சுண்டுவிரல் நீளத்துக்குக் காய் தொங்கும்போது அதைப் பறிக்கச் சொன்னால் பெரும்பாலோருக்கு மனம் ஒப்புவதில்லை. இன்னும் இரண்டு நாள் விட்டால் மூன்று மடங்கு எடை நிற்குமே, பிஞ்சிலேயே கிள்ளுவானேன் என்று கேட்கிறார்கள். மாடியில் நாலு தொட்டி வைத்திருப்பவரும் இதைக் கேட்கிறார். ஏக்கர் கணக்கில் ஒப்பந்த சாகுபடி செய்பவரும் கேட்கிறார். இந்தக் கேள்வியோடு இன்னும் இரண்டு நம்பிக்கைகள் ஒட்டிக்கொண்டு வருகின்றன. விதைப் பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் நாள் கணக்குப்படி பறித்தால் போதும் என்பது ஒன்று. காய் சற்று முற்றினாலும் உப்பிலும் வினிகரிலும் பக்குவம் பார்த்துச் சரிசெய்துவிடலாம் என்பது மற்றொன்று. மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே எண்ணம்தான்: காய் நமக்காகக் காத்திருக்கும், தோதான நாளில் இறக்கிக்கொள்ளலாம். தேங்காய்க்கும் பூசணிக்கும் இது ஓரளவு பொருந்தும். ஊறுகாய்க்கென்று வளர்க்கும் வெள்ளரிக்குப் பொருந்தவே பொருந்தாது. அங்கே பறிக்கும் நாளைத் தீர்மானிப்பது காய்க்குள் இருக்கும் விதை. விதை கெட்டிப்படத் தொடங்குமுன் காய் கொடியைவிட்டு இறங்கியாக வேண்டும். அதற்குப் பிறகு கொடியில் நிற்கும் ஒவ்வொரு நாளும் காயின் தரத்தைக் கெடுக்கிறது, அடுத்த காயைத் தடுக்கிறது, கடைசியில் விவசாயியின் கையில் சேரும் பணத்தையும் குறைக்கிறது.

இது சமையலறையோடு முடிந்துவிடும் சின்ன விஷயமல்ல. 1990-களின் தொடக்கத்தில் கர்நாடகத்தில் சிறு அளவில் தொடங்கிய கெர்கின் என்னும் ஊறுகாய்ச் சிறு வெள்ளரியின் சாகுபடி, பிறகு தமிழ்நாட்டுக்கும் ஆந்திரம், தெலங்கானாவுக்கும் பரவியது. 2020-21 நிதியாண்டில் இந்தியா 2 லட்சத்து 23 ஆயிரம் டன்னுக்கு மேல் வெள்ளரியும் கெர்கினும் ஏற்றுமதி செய்தது. அதன் மதிப்பு 22 கோடி டாலருக்கு மேல். மத்திய வணிக அமைச்சகம் 2022 ஜனவரியில் வெளியிட்ட தகவலின்படி, ஏறத்தாழ 65,000 ஏக்கரில் 90,000 சிறு, குறு விவசாயிகள் ஒப்பந்த அடிப்படையில் இதைப் பயிரிடுகிறார்கள். பிரான்சு நாட்டுக் கடைகளில் கண்ணாடிப் புட்டியில் விற்கும் சிறு வெள்ளரிகளில் பெரும்பகுதி இந்தியாவில் விளைந்தவை. உள்நாட்டில் இதற்கென்று பெரிய சந்தை கிடையாது. தக்காளி விலை சரிந்தால் பக்கத்து ஊர்ச் சந்தைக்காவது கொண்டுபோகலாம். கெர்கின் அளவு தவறிப்போனால் கொண்டுபோக இடமில்லை. ஆகவே என்றைக்குப் பறிப்பது என்ற கேள்விக்குத் தவறான விடை சொல்வது, இத்தனை குடும்பங்களின் வரவு செலவில் கைவைப்பதாகும்.

முதலில் காய்க்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். காலையில் மஞ்சள் பூ விரியும்போதே அதன் அடியில் முள் முள்ளாகச் சின்னஞ்சிறு காய் இருக்கும். தேனீ வந்து மகரந்தம் சேர்த்த பிறகு முதல் 4, 5 நாள் அதன் வேலை முழுக்கத் திசுவறைகளைப் பெருக்குவதுதான். அறைகள் சிறியவை, நெருக்கமானவை; கடித்தால் நறுக்கென்று முறிவது அந்த நெருக்கத்தால்தான். அதன்பின் அறைகள் பெருகுவது குறைந்து, இருக்கும் அறைகளே நீரை இழுத்து ஊதத் தொடங்குகின்றன. வெயில் காலத்தில் ஒன்றிரண்டு நாளில் காயின் எடை இரட்டிப்பாகும் கட்டம் இதுதான். எடை கூடுகிறதே என்று மகிழ்பவர்கள் கூடுவது எது என்று கேட்பதில்லை. வெள்ளரியில் நூற்றுக்கு 95 பங்கு தண்ணீர். இரண்டு நாள் காத்திருந்து பெறுவதில் பெரும்பகுதி தண்ணீர். அதையும் காய் எங்கே வைத்துக்கொள்கிறது என்று பார்த்தால் விடை இன்னும் தெளிவாகும். காயைக் குறுக்கே வெட்டினால் மூன்று பிரிவுகள் தெரியும். இளங்காயில் அந்த மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டி, நடுவில் கிட்டத்தட்ட இடைவெளியே இல்லாமல் இருக்கும். விதைகள் தட்டையான வெள்ளைப் பொட்டுகளாக, பல்லில் படாத அளவுக்கு மெல்லியவையாக இருக்கும். நாள் செல்லச் செல்ல விதையைச் சுற்றிக் கொழகொழப்பு சேரும், விதைமேல் தோல் கெட்டிப்படும், மூன்று பிரிவுகளும் ஒன்றைவிட்டு ஒன்று விலகும், வெளித்தோல் தடிக்கும். கூடும் எடையில் கணிசமான பங்கு இந்த விதைக் குழியில் போய்ச் சேருகிறது. ஊறுகாய்க்கு வேண்டாத பகுதி அதுதான்.

வேண்டாத பகுதி என்பது வெறும் ருசிப் பேச்சல்ல, உப்புநீரில் அதன் விளைவைப் பார்க்கலாம். வெள்ளரியைப் பழைய முறையில் உப்புநீரில் புளிக்கவைக்கும்போது நுண்ணுயிர்களின் வேலையாலும் காயின் சுவாசத்தாலும் கரியமில வாயு உண்டாகிறது. அது காய்க்குள் புகுந்து, இளகிய விதைக் குழியில் தேங்கி, காயை உள்ளுக்குள் ஊதிவிடுகிறது. வெளியே பார்க்க நன்றாக இருக்கும் காயை நறுக்கினால் உள்ளே பொந்து. பெரிய காயில் இந்தக் கோளாறு அதிகம், சிறிய காயில் குறைவு. தொழிற்சாலைகள் இதைச் சமாளிக்க உப்புநீர்த் தொட்டிகளில் காற்றையோ நைட்ரஜனையோ குமிழிகளாகச் செலுத்தி வாயுவை வெளியேற்றும் முறையை 1970-களிலிருந்து கையாளுகின்றன. அந்தச் செலவும் ஏற்பாடும் பெரும்பாலும் பெரிய காய்களுக்காகச் செய்யப்படுபவை. தோல் தடித்த காயில் உப்பும் புளிப்பும் உள்ளே இறங்கவும் அதிக நாள் ஆகும். நடுப்பகுதிக்கு அமிலம் போய்ச் சேருமுன் அங்கே கெடுதல் தொடங்க வாய்ப்புண்டு. ஒரு புட்டியில் கிடக்கும் காய்கள் எல்லாம் ஒரே பக்குவத்துக்கு வர வேண்டுமென்றால் அவை ஒரே பருவத்தில் பறித்தவையாக இருக்க வேண்டும்.

காய்க்கு அடுத்தபடி கொடி. காத்திருப்போர் வாதத்தில் பெரிய ஓட்டை இங்கேதான் இருக்கிறது. அவர்கள் ஒரு காயை எடுத்துக் கணக்குப் போடுகிறார்கள். கொடியோ ஒரு காயோடு நிற்பதில்லை. வெள்ளரிக் கொடிக்கு ஊறுகாய் போடும் நோக்கம் கிடையாது. விதையை முற்றவைத்து அடுத்த தலைமுறைக்கு விட்டுச்செல்வதே அதன் வேலை. ஓரிரு காயில் விதை கட்டத் தொடங்கிவிட்டால், இலைகள் சமைக்கும் சத்தை அந்தக் காய்களே இழுத்துக்கொள்ளும். பின்னால் வரும் பூக்கள் பிஞ்சு பிடிக்காமல் மஞ்சளாகி வாடும், கொடியின் நுனி வளர்ச்சியும் மந்தமாகும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக வேளாண் ஆய்வு நிலையம் 1934-இல் மெக்கொலம் என்பவரின் ஆய்வை வெளியிட்டது. வெள்ளரியில் காய் வளர்வது கொடியின் வளர்ச்சியையும் அடுத்த காய்ப்பையும் எப்படி ஒடுக்குகிறது என்பதை அது விரிவாகக் காட்டியது. அதன்பின் வந்த ஆய்வுகளும் இதையே உறுதிசெய்தன. முதல் காய் அடுத்த காயைத் தடுக்கும் என்பது இன்று வெள்ளரி ஆராய்ச்சியில் பாடமாகிவிட்ட உண்மை. இமயமலை அடிவாரத்தில் வளரும் காட்டு வெள்ளரியில் இந்தத் தடை குறைவு. ஒரே நேரத்தில் ஏராளமான சிறு காய்களை அது விதையோடு முற்றவைக்கும். அந்தக் குணத்தைப் பயிர் வெள்ளரிக்குக் கொண்டுவர முடியுமா என்று 1970-களிலிருந்தே ஆய்வாளர்கள் முயன்றார்கள். நம் வயலில் நிற்கும் கொடி அந்தக் காட்டுக்கொடி அல்ல. அது ஒன்றை முற்றவைத்தால் மற்றவற்றைக் கைவிடும். ஆகவே இலைமறைவில் கண்ணுக்குத் தப்பி முற்றிப்போன ஒரு காய், தான் கெட்டதோடு நில்லாமல் அடுத்த பத்து நாளின் காய்ப்பையும் கெடுக்கிறது.

விதையில்லாமலே காய்க்கும் புதிய ஒட்டு ரகங்கள் வந்துவிட்டனவே, அவற்றுக்கு இது பொருந்துமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த ரகங்களில் விதையால் வரும் தடை குறைவு, ஒரே கொடியில் அடுக்கடுக்காகக் காய் பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் விதை இல்லாவிட்டாலும் பெருக்கும் காய்க்குத் தண்ணீரும் சத்தும் வேண்டும். அவை அதே வேரிலிருந்தும் அதே இலையிலிருந்தும்தான் வர வேண்டும். பெரிய காய் ஒன்று இழுத்துக்கொள்வது, பல பிஞ்சுகளுக்குப் போக வேண்டிய பங்கு. கொள்முதலில் காய்க்கு வைத்திருக்கும் அளவும் ரகத்துக்கு ரகம் தளர்வதில்லை. எனவே புதிய ரகம் தவறின் கடுமையைக் கொஞ்சம் குறைக்கும்; தவறைச் சரியாக்கிவிடாது.

இனி பணக் கணக்குக்கு வருவோம், ஏனென்றால் காத்திருப்போரின் உண்மையான நம்பிக்கை அங்கேதான் இருக்கிறது. கெர்கின் கொள்முதலில் தரத்தைக் கிலோவுக்கு எத்தனை காய் என்று பிரிக்கிறார்கள். கிலோவுக்கு 160-க்கு மேல் நிற்கும் காய் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 6 கிராம். 100 நின்றால் 10 கிராம். 60 நின்றால் 17 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. 30 நின்றால் 33 கிராம். சிறிய ரகத்துக்குக் கிலோ விலை அதிகம். அளவு கூடக் கூட விலை சரியும். ஓர் அளவுக்கு மேல் போனால் கழிவு. இப்போது இரண்டு நாள் காத்திருப்பின் லாபத்தைப் பார்க்கலாம். 10 கிராம் காய் 30 கிராமாகிறது என்று வைத்துக்கொள்வோம். எடை மூன்று மடங்கு. கிலோ விலை மூன்றில் ஒன்றாக விழுந்தால் கைக்கு வரும் பணம் பழைய பணமேதான், ஒரு காசு கூடுதல் இல்லை. ஆனால் அந்த 20 கிராமைக் கொடி சும்மா கொடுக்கவில்லை; இரண்டு நாள் தண்ணீரும் உரமும் அதில் போயிருக்கின்றன, அடுத்த பிஞ்சு அதனால் பின்தங்கியிருக்கிறது. விலை மூன்றில் ஒன்றுக்கும் கீழே போனால் நேரடி நட்டம். காய் கழிவில் விழுந்தால் இரண்டு நாளைக்கு முன் கையில் இருந்ததும் போயிற்று. இந்தக் கணக்கு விலைப்பட்டியலுக்கு ஏற்ப மாறலாம். எந்தப் பட்டியலானாலும், கூடும் எடையை மட்டும் பார்த்து விழும் விலையைப் பாராமல் விடுவது கணக்காகாது.

இங்கே காத்திருப்போர் ஒரு வலுவான மறுமொழி வைத்திருக்கிறார்கள். பெரிய காயாகப் பறித்தால் ஏக்கருக்குக் கிடைக்கும் மொத்த எடை கூடத்தானே செய்கிறது என்பார்கள். கூடும், இதை மறுப்பதற்கில்லை. சிறு ரகமாகவே பறிக்கும் வயலில் காய்களின் எண்ணிக்கை மிகுந்தாலும் மொத்த டன் குறைவாகவே நிற்கும். ஆனால் அந்த வாதம், நடுத்தர அளவில் ஒழுங்காகப் பறிக்கும் வயலுக்கே செல்லும். பறிப்பைத் தள்ளிப்போடும் வயலுக்குச் செல்லாது. நடுத்தர அளவு என்று முடிவுசெய்துகொண்டு அந்த அளவுக்கு வந்த காயை அன்றன்றே இறக்குபவர் ஒரு திட்டத்தோடு வேலை செய்கிறார். அவரும் விதை கெட்டிப்படுமுன் பறித்துவிடுகிறார். இன்றைக்கு ஆள் வரவில்லை, நாளைக்குப் பார்க்கலாம், எப்படியும் எடைதானே கூடும் என்று விட்டுவிடுபவர் கையில் எந்த அளவுத் திட்டமும் இல்லை. அவர் வயலில் ஒரே நாளில் ஆறு கிராம் காயும் இருக்கும், அறுபது கிராம் காயும் இருக்கும். இந்த இரண்டு பேரையும் ஒன்றாக நிறுத்தி, முன்னவரின் கணக்கை வைத்துப் பின்னவரின் தாமதத்தை நியாயப்படுத்துவதுதான் இந்த வாதத்தின் குறை.

வெளிநாட்டில் இயந்திரத்தால் ஒரேயடியாக அறுவடை செய்கிறார்கள், அவர்கள் காத்திருக்கவில்லையா என்றும் கேட்பதுண்டு. அமெரிக்காவில் மிச்சிகன், வட கரோலினா மாநிலங்களில் ஊறுகாய் வெள்ளரியை அப்படித்தான் அறுவடை செய்கிறார்கள். அங்கே ஆலோசகர்கள் சொல்லும் அளவுகோல், வயலில் ஏறத்தாழ நூற்றுக்கு 10 காய் 51 மில்லிமீட்டர் விட்டத்தைத் தாண்டியிருக்கும்போது இயந்திரத்தை இறக்கு என்பது. அதாவது பத்தில் ஒரு பங்கு கழிவாகட்டும் என்று தெரிந்தே காத்திருக்கிறார்கள். ஆனால் அதற்கு அவர்களிடம் காரணம் உண்டு. அந்த இயந்திரம் கொடியையே பிடுங்கிவிடும். நாளைக்குக் காய்க்க அங்கே கொடி இருக்காது; ஆகவே ஒரே நாளில் எவ்வளவு தேறுமோ அவ்வளவையும் எடுக்க வேண்டும். அப்படிப்பட்ட வயலிலும் அறுவடை நாள் இரண்டு நாள் தவறினால் நட்டம் என்று அஞ்சி, காயைப் பிளந்தும் விட்டம் அளந்தும் நாளைக் குறிக்கிறார்கள். நம் வயலில் விதைத்த 30, 35 நாளில் கைப்பறிப்பு தொடங்கி, அதே கொடியில் வாரக்கணக்கில் தொடர்கிறது. நாளைய காய் இன்றைய பறிப்பைப் பொறுத்திருக்கும் வயலுக்கு, நாளை என்பதே இல்லாத வயலின் விதியைக் கொண்டுவருவது பொருத்தமற்றது.

நாள் கணக்குக்காரர்களின் நம்பிக்கையும் இதே போலப் பலவீனமானது. விதைப் பாக்கெட்டில் 50 நாள், 55 நாள் என்று போட்டிருப்பது, விதைத்ததிலிருந்து முதல் காய் தேறும் வரை சராசரியாக ஆகும் காலம். பறிப்பு தொடங்கிய பிறகு அந்த எண்ணுக்கு வேலையே இல்லை. பூத்த நாளிலிருந்து எண்ணலாம் என்றால், சித்திரை வெயிலில் வளரும் வேகம் ஒன்று, மார்கழிப் பனியில் வேறொன்று. ஒரு நல்ல மழைக்கு மறுநாள் காய் பெருக்கும் வேகமும், தண்ணீர் காய்ந்த வாரத்தின் வேகமும் ஒன்றல்ல. ஒரே கொடியில் அடிக்கணுக் காயும் நுனிக்கணுக் காயும் ஒரே நாளில் தேறுவதில்லை. நாட்காட்டி எப்போது வயலுக்குள் கண்விழித்து இறங்க வேண்டும் என்பதை நினைவூட்டலாம். எந்தக் காயைப் பறிப்பது என்பதை அது சொல்லாது.

இனி பக்குவத்தில் சரிசெய்துவிடலாம் என்போர். சுண்ணாம்புத் தெளிநீரில் ஊறவைத்தால் மொறுமொறுப்பு வரும், படிகாரம் போட்டால் கெட்டியாகும், திராட்சை இலை போட்டால் தளராது என்கிறார்கள். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. சுண்ணாம்பிலும் கால்சியம் குளோரைடிலும் உள்ள கால்சியம், திசுவறைகளை ஒட்டவைத்திருக்கும் பெக்டினோடு சேர்ந்து அதைக் கெட்டிப்படுத்தும். தொழிற்சாலைகளும் கால்சியம் சேர்க்கின்றன. திராட்சை இலையில் உள்ள ஒரு பொருள், காயை இளகவைக்கும் நொதிகளை மட்டுப்படுத்தும். படிகாரமோ வினிகரில் நேரடியாகப் போடும் ஊறுகாயில் மொறுமொறுப்பைக் கூட்டுவதில்லை. இவை எல்லாம் செய்வது ஒன்றே ஒன்று: இருக்கும் கெட்டித்தன்மை குலையாமல் காப்பது. விலகிப்போன மூன்று பிரிவுகளை எந்தச் சுண்ணாம்பும் திரும்ப ஒட்டவைக்காது. கெட்டிப்பட்ட விதையை எந்த உப்பும் இளக்காது. மாவடு போடுகிறவர்கள் இதை நன்றாக அறிவார்கள்; உள்ளே கொட்டை ஓடு கட்டிய மாங்காயை எவ்வளவு உப்பில் புரட்டினாலும் அது வடுவாவதில்லை, அதனால் வாங்கும்போதே ஒன்றைக் கீறிப் பார்த்துத்தான் கூடையைத் தொடுகிறார்கள். வெள்ளரிக்கும் அதே விவேகம் தேவை.

சிறு காய் என்றால் எல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. அதற்கும் ஒரு குறை உண்டு, அதை மறைத்தால் வாதம் நேர்மையாகாது. இளங்காயின் நுனியில் வாடிய பூ ஒட்டிக்கொண்டே வரும். அமெரிக்க வேளாண் துறையின் ராலே நகர ஆய்வகத்தில் எட்செல்ஸ், பெல் ஆகியோர் 1950-களில் செய்த ஆய்வுகள், ஊறுகாய் வெள்ளரி கொழகொழத்துப் போவதற்கு முக்கியக் காரணம் அந்தப் பூவில் வளரும் பூஞ்சைகளும் அவை சுரக்கும் நொதிகளும் என்று காட்டின. சிறிய காய்களில் பூ அதிகம் ஒட்டியிருப்பதால் அவற்றில் ஆபத்தும் அதிகம். இது காத்திருக்கச் சொல்லும் காரணமல்ல, பூவைக் கிள்ளச் சொல்லும் காரணம். வீட்டில் போடுகிறவர்கள் பூ இருந்த நுனியை ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லியதாகச் சீவிவிட்டால் தொல்லை தீர்ந்தது. முற்றிய காய்க்கு இப்படி ஒரு எளிய மாற்று கிடையாது. கையால் கிள்ளி எறியக்கூடிய குறையையும் எதனாலும் நீக்க முடியாத குறையையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

ஜெர்மனியில் முற்றி மஞ்சளான வெள்ளரியிலேயே கடுகு ஊறுகாய் போடுகிறார்களே என்று இந்த விவாதத்தில் ஒருவர் கட்டாயம் கேட்பார். போடுகிறார்கள், அது நல்ல ஊறுகாயும்கூட. ஆனால் எப்படிப் போடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். காயின் தோலை முழுக்கச் சீவி, நெடுக்கில் பிளந்து, விதையையும் கொழகொழப்பையும் கரண்டியால் சுரண்டி எறிந்துவிட்டு, மீந்த சதையை மட்டும் துண்டு போடுகிறார்கள். முற்றல் காயில் எது ஊறுகாய்க்கு ஆகாது என்பதை அந்தச் சமையலே சொல்லிவிடுகிறது. அதே நாட்டில், பெர்லினுக்குத் தென்கிழக்கே உள்ள ஸ்ப்ரேவால்ட் பகுதியின் வெள்ளரி ஊறுகாய் 1999 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பு பெற்றது. அங்கே டிராக்டரின் இருபுறமும் இறக்கை போல நீளும் மேடைகளில் வேலையாட்கள் குப்புறப் படுத்தபடி, வண்டி ஊர்ந்து போகப் போக, கீழே கொடியை விலக்கிக் காயைக் கிள்ளுகிறார்கள். கூலி மிகுந்த நாட்டில் இவ்வளவு பாடுபட்டுச் சிறு காயாகவே கையால் பறிக்கிறார்கள் என்றால், காத்திருந்தால் லாபம் என்ற வாதத்துக்கு அங்கே இடமில்லை என்றுதான் பொருள்.

கடைசியாக, எல்லாவற்றிலும் கனமான எதிர்ப்பு. தினம் பறிக்க ஆள் எங்கே என்பது அது. சிறு காய் ஒரு கிலோ சேர்க்க நூறுக்கு மேற்பட்ட தடவை கை போய் வர வேண்டும். பெரிய காயில் முப்பது தடவை போதும். கூலியோ நாளுக்கு நாள் ஏறுகிறது. குனிந்தே செய்யும் வேலைக்கு வருவோர் குறைந்துவிட்டார்கள். பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களின் முதுகுவலி எந்த விலைப்பட்டியலிலும் ஏறுவதில்லை. சிறு ரகம் கேட்பது வாங்குபவரின் வசதிக்காக, அதன் பாரம் முழுக்க விவசாயியின் தலையில் என்று சொல்பவர்களோடு எனக்கு மறுப்பில்லை. விலைப்பட்டியலை எழுதுவது ஒரு தரப்பு, கழிவை ஏற்பது இன்னொரு தரப்பு என்ற ஏற்பாடு நியாயமானதல்ல. ஆனால் இந்த நியாயமான குறையிலிருந்து தவறான முடிவுக்குத் தாவக் கூடாது. சிறு காய் பறிக்கும் கூலியை விலை ஈடுகட்டவில்லை என்றால் கேட்க வேண்டியது விலையை. காயைக் கொடியில் விட்டுவிடுவது யாருக்கும் கொடுக்கும் தண்டனையல்ல. விவசாயி தன் கொடிக்கே கொடுத்துக்கொள்ளும் தண்டனை. முற்றிய காயைக் கொள்முதல் நிலையத்தில் தள்ளிவிடுவார்கள், அடுத்த வாரம் கொடியும் ஓய்ந்துவிடும். ஆள் பற்றாக்குறைக்கு விடை பறிப்பதைத் தள்ளுவதல்ல. பறிக்க முடிகிற அளவுக்கே பயிர் வைப்பது. இரண்டு ஏக்கர் போட்டு ஒன்றுவிட்ட நாள் அரைகுறையாகப் பறிப்பதைவிட, ஓர் ஏக்கர் போட்டு நாள்தோறும் முழுசாகப் பறிப்பது கொடிக்கும் நல்லது, கைக்கும் நல்லது. விதைப்பை ஒரே நாளில் முடிக்காமல் வாரம் தள்ளி வாரம் பிரித்துப் போட்டால் பறிப்பு ஒரே சமயத்தில் குவியாது. கொடியைத் தரையில் விடாமல் கயிறு கட்டி ஏற்றினால் காய் கண்ணுக்குத் தெரியும், குனிவது குறையும், தப்பிப்போகும் முற்றலும் குறையும்.

அப்படியானால் எப்போது பறிப்பது என்பதற்கு விடை சிக்கலானதல்ல. தேவையான அளவை விட்டத்தால் நிர்ணயித்துக்கொள்ளுங்கள், நீளத்தால் அல்ல. நீளம் ரகத்துக்கு ரகம் மாறும், விதைக் குழியைக் காட்டிக்கொடுப்பது தடிமன். வீட்டில் முழுக்காயாகப் போட விரல் பருமன் போதும். வட்டமாக நறுக்கிப் போட இன்னும் கொஞ்சம் பருத்ததும் ஆகும். ஒவ்வொரு பறிப்பிலும் இருப்பதிலேயே பெரிய காய்களில் ஒன்றிரண்டைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். மூன்று பிரிவும் ஒட்டியிருந்து, விதையை நகத்தால் நசுக்கினால் தோலின் தடை இல்லாமல் நசுங்கினால், நீங்கள் சரியான நாளில் இருக்கிறீர்கள். விதை நழுவினாலோ நடுவில் இடைவெளி தெரிந்தாலோ ஒரு நாள் பிந்திவிட்டீர்கள். முள் நெருக்கமாக இருப்பதும் பச்சை அழுத்தமாக இருப்பதும் இளமையின் அடையாளம். முள் இடைவெளிவிட்டு, அடிப்பக்கம் வெளிறினால் முற்றல் தொடங்கிவிட்டது. வெயில் ஏறுமுன் பறித்து நிழலில் வையுங்கள். அன்றைக்கே உப்பிலோ வினிகரிலோ போடுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் நாள்கணக்கில் வைத்துச் சேர்க்கலாம் என்ற எண்ணம் வேண்டாம். 10 டிகிரிக்குக் கீழே வெள்ளரி சில நாளில் குழிவிழுந்து கெடத் தொடங்கும். தப்பி முற்றிய காய் கண்ணில் பட்டால் விற்க முடியாவிட்டாலும் பறித்து எறியுங்கள். அதைக் கொடியில் விட்டுவைப்பதுதான் பெரிய செலவு.

விவசாயத் துறைக்கும் கொள்முதல் நிறுவனங்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. ஏக்கருக்கு எத்தனை டன் என்று மட்டும் கேட்டுப் பாராட்டுவதை நிறுத்த வேண்டும். பறிப்புக்கு எத்தனை கிலோ எந்தத் தரத்தில் தேறியது, கொடி எத்தனை பறிப்பு தாங்கியது என்று கேட்கப் பழக வேண்டும். சிறு ரகத்தின் விலையில் பறிப்புக் கூலி தெளிவாகச் சேர்க்கப்பட வேண்டும். நிறுவனத்தின் வண்டி வராத நாளில் முற்றிய காய்க்கு நிறுவனம்தான் பொறுப்பேற்க வேண்டும். இவற்றைக் கேட்கும் உரிமை விவசாயிக்கு இருக்கிறது. ஆனால் அதைக் கேட்பவர் கையில் அன்றன்று பறித்த காய் இருக்க வேண்டும். எடை கூடும் என்று காத்திருப்பவர் கடைசியில் கொண்டுவருவது விலை போகாத காயையும் ஓய்ந்த கொடியின் கதையையும்தான்; அவற்றை வைத்துக்கொண்டு எந்தப் பேரத்திலும் உட்கார முடியாது.